குமுல் காலண்டரின் டிசம்பர்த் தாள்

விருதுநகர்
14.11.2009

அன்பு மகன் சிவபாண்டிக்கு, தந்தை செல்லப்பாண்டி எழுதுவது. இவ்வீட்டில் நானும் உன் தாயாரும் குறையின்றி இருக்கிறோம். என் இடது முழங்கால் வலியை நான் குறைகளில் சேர்க்கவில்லை. உன் தாயார் தொலைபேசியில் வேறு விதமாகச் சொல்லியிருந்தால் அதை மிகைப்படுத்திய கூற்றாகக் கொள்ளவும். அந்தப் பசிபிக் தீவு நாட்டின் லே நகரில் நீ உடல் நலத்தோடும் மன அமைதியோடும் இருக்கிறாய் என்ற நம்பிக்கையிலேயே இதைத் தொடங்குகிறேன். உன் தாயார் பேசி முடித்தபின் தொலைபேசியில் எனக்கு மிஞ்சுவது 'சரிப்பா, வைக்கட்டுமா' என்று சொல்வதற்கான நேரம் மட்டுமே; ஆகவே சொல்ல வேண்டியதை வரிசையாகச் சொல்லக் கடிதமே எனக்குத் தோதானது. அச்சங்குளம் நிலத்தில் மக்காச்சோளம் ஒரு முழத்துக்கு மேல் வளர்ந்துவிட்டது. தீபாவளிக்குப் பிறகு பட்டாசுக் கம்பெனிகள் இன்னும் முழுமையாகத் திறக்காததால் களையெடுக்க ஆள் கிடைக்கிறார்கள். உன் தங்கை நாகஜோதிக்கு இது ஐந்தாம் மாதம். மருத்துவர் திருப்தி தெரிவித்திருக்கிறார். இனி உன் காரியத்துக்கு வருகிறேன்.

மே மாதத்தில் அங்கே வெளிநாட்டார் கடைகள் சூறையாடப்பட்ட செய்தி வந்ததும், உன் எழுதுபொருள் கடையை மூடிவிட்டு ஊர் திரும்பும்படி ஜூனில் உனக்கு எழுதியிருந்தேன். அதற்கு நீ சம்மதமும் சொல்லவில்லை, மறுப்பும் சொல்லவில்லை. பதிலாக, 'குமுல்' என்று பெயர் கொண்ட அந்நாட்டு ரக்பி லீக் அணியின் வரலாற்றைப் பன்னிரண்டு தாள்களில் சொல்லும் 2010ஆம் ஆண்டுக் காலண்டர் ஒன்றைத் திருத்தங்கலில் அச்சடித்து அனுப்பும் பொறுப்பை என்னிடம் கொடுத்தாய். தெருவில் எல்லா வீட்டுக்கும் அதைக் கொடுக்கப் போவதாகவும், அடியில் உன் கடைப்பெயர் இருக்குமென்றும் எழுதினாய். கேட்டதற்குப் பதில் வராதது எனக்கு வருத்தம்தான். உன் தாயாருக்கு அதைவிட அதிகம். இருப்பினும் ஒப்புக்கொண்ட வேலையை அரைகுறையாகச் செய்வது என் வழக்கமன்று. நீ அனுப்பிய செய்தித்தாள் நகல்களோடு ஒவ்வொரு தாளின் வாசகத்தையும் ஒப்பிட்டுப் படித்தேன். அப்படிப் படித்ததில், அணிக்குப் பதின்மூன்று பேர் என்பதும், பதினைந்து பேர் ஆடும் ரக்பி இதனின்று வேறானது என்பதும், பந்தோடு ஓடுபவரை எதிராளிகள் ஆறு முறை மடக்கும்வரை பந்து ஓடுபவரின் அணியிடமே இருக்கும் என்பதும், ஆறாவது முறைக்குப்பின் அதை எதிரணியிடம் விட்டுவிட வேண்டும் என்பதும் எனக்கு விளங்கின. சடுகுடுவில் ஒரு முறை மடக்கினால் முடிந்தது. இதில் விழுந்தவர் எழுந்து, பந்தைக் காலடியில் வைத்துப் பின்னுக்கு உருட்டிவிட்டு, மறுபடி ஓட ஆயத்தமாகிறார். இந்த விதி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

அச்சகத்தார் சீனிவாசகத்தை உனக்குத் தெரியும். நாகஜோதியின் கல்யாணப் பத்திரிகையை அடித்துக் கொடுத்தவர். ஜனவரித் தாளைப் படித்ததுமே ஆட்சேபம் எழுப்பினார். அந்நாடு விடுதலை பெற்ற 1975ஆம் ஆண்டிலேயே அணி தன் முதல் பன்னாட்டு ஆட்டத்தை இங்கிலாந்தோடு ஆடி, நாற்பதுக்குப் பன்னிரண்டு என்று தோற்றதை நீ அதில் எழுதியிருந்தாய். "வக்கீலய்யா, வருசத்தோட மொதத் தாளுல தோல்வியவா போடுவாக? சொவத்துல மாட்டுறவன் வெளங்குவானா? செயிச்சதா ஒண்ண எடுத்து முன்னால போடுங்க, இத நடுவுல எங்கயாவது சொருகிருவோம்" என்றார். நடந்த வரிசையை மாற்றினால் அது வரலாறாகாது என்று நான் விளக்க முற்பட்டேன். அவர் கேட்பதாயில்லை. கம்ப்யூட்டரில் படங்களைச் செப்பனிடும் லட்சுமிகாந்தம் திரும்பிப் பார்க்காமலேயே, "மொதலாளி, ஒங்க மகன் பெறந்தப்ப அழுதானா சிரிச்சானா? அழுகலன்னா டாக்டரு காலப் பிடிச்சுத் தலகீழாத் தொங்கவிட்டு அழ வச்சிருப்பாரு. இதுவும் பெறந்த வருசந்தான? இருந்துட்டுப் போகட்டும்" என்றான். சீனிவாசகம் சிரித்துவிட்டார். ஜனவரி ஜனவரியாகவே நின்றது.

மற்ற தாள்களைப் பற்றி உனக்கே நான் சொல்வது தேவையற்றது என்றாலும், படித்தபோது என் மனத்தில் பட்டதைப் பதிவு செய்ய விரும்புகிறேன். 1986இல் போர்ட் மோர்ஸ்பியில் நியூசிலாந்தை இரண்டே புள்ளிகளில் வென்ற தாளையும், 1988இல் ஆஸ்திரேலியாவிடம் எழுபதுக்கு எட்டு என்று தோற்ற தாளையும் அடுத்தடுத்து வைத்திருக்கிறாய். எழுபதுக்கு எட்டு. அதற்குப்பின் வீட்டுக்குப் போய்விடுவதே எவருக்கும் இயல்பு. இரண்டே ஆண்டுகளில் அதே அணி கோரோக்காவில் பிரிட்டனை வென்றிருக்கிறது. 2000ஆம் ஆண்டு உலகக்கோப்பையில் தன் பிரிவின் மூன்று ஆட்டங்களையும் வென்று காலிறுதிக்குச் சென்றிருக்கிறது. சென்ற ஆண்டு உலகக்கோப்பையில் மூன்றையும் தோற்றிருக்கிறது. நவம்பர்த் தாளுக்கு மட்டும், இம்மாதம் முதல் தேதி நடந்த பசிபிக் கோப்பை இறுதி ஆட்டத்தை எண்ணி, வென்றால் ஒரு வாசகமும் தோற்றால் ஒரு வாசகமுமாக இரண்டு எழுதி வைத்திருந்தேன். அன்று நீ தொலைபேசியில் போட்ட கூச்சலில் உன் தாயார் பயந்துபோய் என்னிடம் ரிசீவரை நீட்டினாள். தோல்விக்கு எழுதிய தாளைக் கிழித்துப் போட்டேன். கிழிக்கும்போது என் கைக்கு ஒரு மகிழ்ச்சி இருந்தது என்பதை மறைக்கப் போவதில்லை.

இனிச் சொல்லப் போவதே முக்கியமானது. சென்ற வாரம் பன்னிரண்டு தாள்களின் புரூஃப் வந்தது. ஆண்டுகள், புள்ளிகள், ஊர்ப்பெயர்கள் அனைத்தையும் சரிபார்த்து, கையொப்பமிடப் பேனாவைத் திறந்துவிட்டேன். படங்களை நான் பார்த்தேனே தவிர, கவனிக்கவில்லை. அப்போது உன் தாயார், எங்கே, பிள்ளை இருக்கிற படத்தைக் காட்டுங்கள் என்று டிசம்பர்த் தாளை வாங்கினாள். உன் தெருவில் ஆடும் அணிப் பிள்ளைகள் நடுவில் நீ நிற்கும் படம் அது. நாட்டு அணி வரலாற்றில் இந்தப் படத்துக்கு என்ன சம்பந்தம் என்று நான் கேட்டதற்கு, நாட்டு அணிக்குப் போகிறவர்கள் இப்படிப்பட்ட தெரு மைதானங்களிலிருந்துதான் போகிறார்கள் என்று நீ எழுதியிருந்தாய்; அதை நான் அரை மனத்தோடுதான் ஏற்றிருந்தேன். அவள் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுப் பார்த்தாள். ஒருவர்மேல் விரலை வைத்தாள், எடுத்தாள், இன்னொருவர்மேல் வைத்தாள். "இதுல எம்பிள்ள எங்க? எல்லாரும் மாப்பிள்ள அழைப்புக்குப் பவுடர் அப்புன மாதிரி நிக்காகளே. எம்பிள்ளைய எங்கன கொண்டுபோய் வச்சிருக்காக?" என்றவள் அழவே தொடங்கிவிட்டாள். ஆறு மாதமாக அடக்கியிருந்தது அப்படி வந்தது என்று நினைக்கிறேன். நான் மூலப்படங்களை எடுத்துப் பக்கத்தில் வைத்த பிறகே புரிந்தது. பன்னிரண்டு தாள்களிலும் அத்தனை முகங்களையும் லட்சுமிகாந்தம் வெளுத்து, கன்னத்துக்கு ரோஜா நிறம் ஏற்றியிருந்தான். உன் முகத்துக்கும்.

மறுநாள் காலை முதல் பேருந்திலேயே திருத்தங்கலுக்குப் போனேன். கேட்டதற்கு லட்சுமிகாந்தம் மிகவும் மனம் நொந்துபோனான். "என்னங்கய்யா இப்படிக் கேட்டுப்புட்டீக? ஒவ்வொரு மொகமா ஒக்காந்து தொடச்சு எடுத்திருக்கேன். சாமி படத்துக்குப் போடுற அதே கலருதான், மரியாதையில ஒண்ணும் கொற வைக்கல" என்றான். உன்னுடைய நிறம் என்னப்பா என்று கேட்டேன். "பாத்தாத் தெரியலயா, அடுப்புக்கரிதான். ஆனா எங் கல்யாண ஆல்பத்துல நான் செக்கச் செவேல்னு இருப்பேங்கய்யா. எங்க மாமியாரு இன்னமும் அந்த மாப்பிள்ள எங்கனுதான் தேடுறாக" என்றான். அவன் அவமதிக்க எண்ணவில்லை என்பது எனக்குத் தெளிவாகவே தெரிந்தது. ஆனால் எண்ணத்தை லே நகரத்துச் சுவர்களுக்கு யார் எடுத்துச் சொல்வது? தாங்கள் தெருவில் நின்று பார்த்த ஆட்டக்காரரை யாரோ வேற்றாளாக மாற்றி, அதன் அடியில் இந்தியக் கடைக்காரர் ஒருவர் தம் பெயரைப் போட்டுக் கொடுத்திருக்கிறார் என்றுதான் அவ்வூரார் காண்பார்கள். மே மாதம் முடிந்து ஆறு மாதமே ஆன ஊரில் அது எதில் போய் முடியும் என்று நினைக்கவே எனக்கு அச்சமாக இருந்தது. கையொப்பமிட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். சீனிவாசகம், "கோர்ட்டுல வாய்தா வாங்குற மாதிரி இங்கன வாங்காதீக வக்கீலய்யா, சீசன் நேரம், புதன்கெழம லோடு தூத்துக்குடி போகணும்" என்று தலையில் கைவைத்தார். லட்சுமிகாந்தமோ, கறுப்பை அப்படியே விட்டால் அச்சில் மை அப்பிக்கொண்டு கண் மூக்கே தெரியாது, இதுவரை யாரும் கேட்டதில்லை, ஆகவே தனக்குப் பழக்கமும் இல்லை என்றான். அது நியாயமான பதில்.

அவன் என்ன செய்தான் தெரியுமா? வாசல் வெயிலில் நின்று தன் முகத்தையே செல்போனில் படமெடுக்கச் சொல்லி, அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, மையைக் கூட்டியும் குறைத்தும் துண்டுத் தாள்களில் அடித்து, பக்கத்தில் கண்ணாடியை வைத்துக்கொண்டு தன் முகத்தோடு ஒத்துப் பார்த்தான். மைக்கறுப்பாக வந்தது, செங்கல்லாக வந்தது. மாலையில் அடித்த ஒரு துண்டில் அவன் நெற்றியில் வெயில் பட்ட இடமும் கன்னத்து நிழலும் தனித்தனியாகத் தெரிந்தன. "ஏலே, நாந்தாம்லே இது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அந்த அளவை வைத்தே பன்னிரண்டு தாள்களையும் திருத்தினான். அந்தத் துண்டை அவன் வீட்டுக்கு எடுத்துப்போய்விட்டதாகவும், அவன் மனைவி அதைப் பீரோக் கதவில் ஒட்டி வைத்திருப்பதாகவும் கேள்வி.

நேற்று புது புரூஃப் வந்தது. உன் தாயார் கண்ணாடியைத் தேடவில்லை. "இந்தா நிக்கான், பல்லத் தொறந்துக்கிட்டு" என்று உன்மேல் விரலை வைத்தாள். பிறகுதான் உன் தோளில் கிடந்த கையைக் கவனித்து, அந்த நெட்டை மனிதர் யார் என்றாள். மே மாதத்தில் உன் கடைக்கதவுக்கு முன்னால் அணிச்சட்டையோடு வரிசையாக நின்று, எவரையும் நெருங்க விடாமல் காத்த பிள்ளைகள் இவர்களே என்பதை உன் பழைய கடிதத்திலிருந்து வாசித்துக் காட்டினேன். முன்பும் வாசித்திருக்கிறேன், அன்று அவள் காதில் விழுந்தது கலவரம் மட்டுமே. நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இம்புட்டு நாளும் அங்கன ஒத்தையில கெடக்கான்னுல்ல நெனச்சேன்" என்றாள். இருக்கன்குடி மாரியம்மனுக்கு அக்கினிச்சட்டி எடுப்பதாக அவள் வேண்டியிருப்பது உனக்குத் தெரியும். நீ திரும்பி வராவிட்டால் அது என்னாகும் என்று மெல்லக் கேட்டேன். "அவன் சேமமா இருக்கணும்னுதான் ஆத்தாகிட்ட கேட்டேன். வரச்சொல்லுங்கன்னு ஒங்ககிட்டதான கேட்டேன்? தையில சட்டி எடுக்கேன்" என்று சொல்லிவிட்டு, சாத்தூர்ச் சேவு வாங்க ஆள் அனுப்பினாள்.

ஆகவே, ஜூன் மாதக் கடிதத்தில் நான் உன்னிடம் கேட்டதை இதன்மூலம் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். இது வருத்தத்தோடு சொல்வது அன்று. உன் மனம் அங்கே இருக்கும்வரை அங்கே இரு. வரத் தோன்றும் நாளில் காரணம் எதுவும் சொல்லாமல் வா. கடைக் குத்தகையைப் பதிவு செய்துகொள், காப்பீட்டை ஆண்டுதோறும் தவறாமல் புதுப்பி, கலவரக்காலத்தில் சரக்கைவிட உன் உயிரே பெரிது என்பதை மறவாதே. அந்தப் பிள்ளைகளும் உனக்காக அடிபடக் கூடாது. அதைக் கவனித்துக்கொள்வது உன் கடமை.

நீ நீண்ட ஆயுளோடும், துணையிருப்போர் குறையாத வாழ்வோடும் இருக்க எங்கள் இருவரின் ஆசியும் எப்போதும் உண்டு. காலண்டர்க் கட்டுகளோடு பதின்மூன்று பொட்டலம் சேவு வருகிறது. உனக்கென்று தனியாக இல்லை, அந்த அணிப் பிள்ளைகளிடம் கேட்டு வாங்கிக்கொள்ளும்படி உன் தாயாரின் உத்தரவு. டிசம்பர்த் தாளில் இருப்போரின் பெயர்களை இடமிருந்து வலமாக எழுதி உடனே அனுப்பவும். சட்டி எடுக்கும்போது உன் பெயரோடு சேர்த்துச் சொல்ல அவளுக்கு அவை வேண்டுமாம்.

அன்புள்ள அப்பா,
மு. செல்லப்பாண்டி