எந்தப் பிள்ளையார்?

மச்சான்,

இன்று காலை மின்வாரிய செக்‌ஷன் ஆபீசில் கம்பம் ஏறுகிற எல்லோருக்கும் புது ரப்பர் கையுறை கொடுத்தார்கள். பெட்டியைத் திறந்ததும் டயர் கடை வாசனை குப்பென்று அடித்தது. உன் ஞாபகம் வந்துவிட்டது. நம் காலத்தில் செக்‌ஷனுக்கே ஒரே ஜோடிதான். அதையும் பெரிய அதிகாரி வரும்போது காட்டுவதற்காக பீரோவில் பூட்டி வைத்திருப்பார்கள். "கம்பத்துல ஏறுறவனுக்குப் பாதுகாப்பு இல்ல மச்சான், கையுறைக்குத்தான் கீது" என்பாய். டீக்கடையே சிரிக்கும்.

நீ போன அன்றும் இப்படித்தான் வானம் கறுத்துக் கிடந்தது. முடிச்சூர்ப் பக்கம் ஒரு கம்பி அறுந்து தொங்கியது. ஏறுவதற்கு முன் நீ போன் போட்டு, "பிள்ளையார் கோயில் டிரான்ஸ்பார்மரை ஆஃப் பண்ணு" என்றாய். அந்தப் பக்கம் இருந்தவன் அணைத்துவிட்டுத்தான் "ஆஃப்ணா, ஏறு" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. அவன் அணைத்தது ஏரிக்கரைப் பிள்ளையார், நீ ஏறியது புது லேஅவுட் பிள்ளையார். டிரான்ஸ்பார்மருக்கு நம்பர் இருக்கிறது, பலகைகூட இருக்கிறது. நம் வாயில் அது என்றைக்கு வந்தது? கோயில், டீக்கடை, ரேஷன் கடை என்றுதானே சொல்லிப் பழகினோம்.

கீழே நின்று உன்னைக் கூப்பிட்டேன். கம்பியைத் தொட்ட உன் கை தொட்டபடியே இருந்தது.

விசாரணையில் 'கையுறை அணியவில்லை' என்று பழியை உன்மேலேயே போட்டார்கள். பாவிகள்! பீரோ சாவி யாரிடம் இருந்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

இன்று மதியம் மழை பிடித்துக்கொண்டது. அதே பக்கம் கரண்ட் போயிற்று. என்னோடு வந்தவன் சேகர், ஒப்பந்தத்தில் வேலை பார்க்கிறவன், போன தையில்தான் கல்யாணம் ஆனது. பழைய பழக்கம், அவனும் "பிள்ளையார் கோயிலை ஆஃப் பண்ணு" என்றுதான் போனில் சொன்னான். "ஆஃப் பண்ணியாச்சு" என்று பதில் வந்ததும் கம்பத்தில் கால் வைத்துவிட்டான்.

"எறங்குடா! எந்தப் பிள்ளையார்னு கேட்டியா?"

"இன்னாண்ணா பேஜாரு பண்றே? அதான் புது கிளவுஸ் போட்டுகினு கீறனே!"

எதிர் பிளாட் பால்கனியிலிருந்து ஒருவர், "சார், ஆபீஸ் மீட்டிங் பாதியில நிக்குது, கொஞ்சம் சீக்கிரம் பாருங்க சார்" என்றார். நான் காதில் வாங்கவில்லை. எர்த் ராடை எடுத்தேன். நுனியில் கொக்கி, அதிலிருந்து தரைக்கு ஒரு வயர், அவ்வளவுதான். கம்பியில் மின்சாரம் இல்லையென்றால் மாட்டினாலும் ஒன்றும் ஆகாது.

மாட்டினேன். படீரென்று நீலமாக வெடித்தது.

சேகர் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டான். போனவருஷம் பிளாட்காரர்கள் மூன்றாவதாக ஒரு பிள்ளையார் வைத்துக் கும்பாபிஷேகமும் முடித்திருக்கிறார்கள், மச்சான். போன் எடுத்தவன் புதியவன், அவனுக்குத் தெரிந்த பிள்ளையார் அது ஒன்றுதான். சேகர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வூட்ல சொல்லாதண்ணா" என்றான். நான் ரோட்டிலேயே அழுதுவிட்டேன். பால்கனிக்காரர், "இன்னும் எவ்ளோ நேரம் ஆகும் சார்?" என்றார்.

ஊரப்பாக்கம் வீட்டுக்கு வந்தும் சோறு இறங்கவில்லை. இந்த மாதத்தோடு எனக்கு ரிட்டயர்மென்ட். மழைக்காலமோ இப்போதுதான் ஆரம்பிக்கிறது. நாளைக்கே சேகருக்கு இன்று நடந்தது மறந்துபோகும், அவன் வயசு அப்படி. ராடை அவனிடம் கொடுத்துவிட்டுப் போகலாம். கம்பத்தடியில் நிற்கும்போதெல்லாம் எனக்கு வருகிற பயத்தை எப்படிடா கொடுப்பது?

எனக்கு அதை நீ செத்துத்தான் கொடுத்தாய்.