காலை ஆறு பத்துக்கு ஆயில் பார்த்தேன்

ஜூன் 2, திங்கள்

காலை ஆறு பத்து. ஆயில் குச்சியை உருவித் துடைத்து, திரும்ப விட்டு உருவினால் கீழ்க்கோட்டுக்கும் கீழே நிற்கிறது. கால் லிட்டர் ஊற்றினேன். போன திங்களும் ஊற்றினேன். நான் காபி குடிப்பதைவிட இந்தக் கார் ஆயில் குடிப்பது அதிகம்.

இந்த வீட்டுக்குக் குடிவந்து மூன்று மாதம். வந்த வாரமே தம்பி, "பதினாறு வயசு கார் அக்கா இது, வாரா வாரம் ஆயில் பாரு" என்றான். பார்க்கத் தொடங்கினேன். அன்றிலிருந்துதான் இது குடிக்கவும் தொடங்கியது. என்ன ராசியோ!

பதினெட்டு வருடம் லேபில் ரத்தம் சோதித்த கை என்னுடையது. ஒரே நேரம், ஒரே இடம், ஒரே துணி. அப்போதுதான் ஒரு நாளை இன்னொரு நாளோடு ஒப்பிட முடியும். வாசல் கேட்டுக்குள் வண்டி நிற்கும் இடத்திலேயே, ஸ்டார்ட் செய்வதற்கு முன் பார்க்கிறேன். தனி நோட்டும் போட்டாயிற்று.

ஜூலை 12 வரை தாங்கினால் போதும். அன்றைக்கு மகளைக் கல்லூரி விடுதியில் கொண்டுபோய் விட வேண்டும். ஐந்து மணி நேரம். நானே ஓட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

உண்மையைச் சொன்னால் வாக்குக்காக இல்லை. "கட்டடம் வரையறதெல்லாம் ஒரு படிப்பா?" என்று ஏப்ரலில் கேட்டுத் தொலைத்தேன். அன்றிலிருந்து எதைக் கேட்டாலும் "ம்" என்கிறாள். கோபமாக இருக்கும்போது "ம்ம்". ஐந்து மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து வந்தால், ஏதாவது ஒரு கிலோமீட்டரில் வாய் திறக்காமலா போவாள்?

ஜூன் 6, வெள்ளி

தம்பி வந்தான். புதுக் காரைத் தடவித் தடவிக் காட்டினான். "இதுல நானே கொண்டுபோய் விடறேன்க்கா. நீ பின்னாடி சாஞ்சு தூங்கிட்டே வா."

அவன் காரில் யார் தூங்க முடியும்? ஏறினதிலிருந்து இறங்குகிற வரைக்கும் முழங்கால் வலி, மனை விலை, முந்திப் போகிறவனின் வம்சம். நடுவில் "ம்" சொல்லக்கூட இடம் இருக்காது. வேண்டாம் என்றேன். முகம் தொங்கிவிட்டது, பாவம்.

ஜூன் 10, செவ்வாய்

சிக்னலில் வண்டி நீலமாகப் புகை விட்டது. பின்னால் நின்ற ஸ்கூட்டர்காரர் இருமிக்கொண்டே பக்கத்தில் வந்து, "மேடம், கொசு மருந்து அடிக்கிறீங்களா?" என்றார்.

மகள் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரித்தாளா? சிரித்திருந்தால் அந்த மனிதருக்குக் கோடி புண்ணியம்.

ஜூன் 14, சனி

மெக்கானிக்கிடம் போனேன். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே தேடுகிற ஆள். ஆனால் கை சுத்தம். புகையைப் பார்த்தார், காது கொடுத்துக் கேட்டார்.

"ரிங் தேய்ஞ்சு போச்சுக்கா. பிஸ்டனைத் தாண்டி ஆயில் மேல ஏறி எரியுது. இன்ஜினை இறக்கணும்."

"எத்தனை நாள்?"

"சாமான் வரணும். ஒன்றரை மாசம் வெச்சுக்குங்க."

ஜூலை 12 அதற்குள் வந்து போய்விடும். நோட்டைக் காட்டினேன். ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். "நேரம் வேற போட்டிருக்கீங்களே! இப்படி ஒரு கஸ்டமரை நான் பார்த்ததே இல்ல." ஆயில் குச்சியை அவர் தொடவே இல்லை. நோட்டிலேயே எல்லாம் இருக்கும்போது எதற்கு? சும்மா சொல்லக் கூடாது, பெருமையாகத்தான் இருந்தது.

அதுவரை ஊற்றிச் சமாளியுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

ஜூன் 15, ஞாயிறு

தம்பியிடம் இன்ஜின் விஷயத்தைச் சொல்லவில்லை. சொன்னால் இன்றைக்கே காரை எடுத்துக்கொண்டு வந்து நிற்பான்.

ஜூன் 19, வியாழன்

கப்பலிலிருந்து என் வீட்டுக்காரர் பேசினார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வீட்டில் கரை ஒதுங்குகிற மனிதர். ஆயில் கணக்கைச் சொன்னதும், "எங்க கப்பலே இவ்வளவு குடிக்காதுடி" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவ பேசினாளா?"

"'ம்'னா."

"எனக்கும் அதேதான்."

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் சிரித்தோம். வாரம் இரண்டு முறை ஊற்றுகிறேன் இப்போது. புகை குறையவில்லை, கூடியிருக்கிறது. டிக்கியில் எப்போதும் ஒரு கேன்.

ஜூன் 25, புதன்

தம்பி புகையைப் பார்த்துவிட்டான். வாசலிலேயே நின்று தீர்ப்பு: "பன்னெண்டாம் தேதி என் வண்டிதான். பேச்சே கிடையாது."

மகள் என்ன சொன்னாள் தெரியுமா? "சரி மாமா."

சரி மாமாவாம்! என்னை ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா? ரெண்டு மாசமா ஒத்தை எழுத்துல பதில் சொன்ன வாய்க்கு மாமான்னதும் ரெண்டு வார்த்தை வருதா? காருக்கு ஊத்தி ஊத்தி என் கை நாறுது, யாருக்காக ஊத்தறேன்? போகட்டும். மாமாகூடவே போகட்டும். முழங்கால் கதை முழுசும் கேட்டுட்டுப் போய்ச் சேரட்டும்.

— சாயங்காலம். மேலே எழுதியதைப் படித்தேன். சிரிப்பு வந்தது. ஆனாலும் கோடு போட்டு அடிக்கவில்லை, அப்படியே இருக்கட்டும்.

ஜூன் 29, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

கல்லூரி திறக்குமுன் குடியிருக்கும் வீட்டை அளந்து வரைந்துகொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். காலையில் நான் குச்சியும் துணியுமாக வந்தால், மகள் காருக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்திருக்கிறாள். தரையில் பாதி தண்ணீர் ஊற்றிய பாட்டில், ஒரு ஸ்கேல்.

"தள்ளு, ஆயில் பாக்கணும்."

"ம்."

தள்ளினாள். உருவினேன், துடைத்தேன், விட்டேன், உருவினேன். கீழ்க்கோட்டுக்கும் கீழே. கேனைத் திறந்தேன். பின்னாலிருந்து குரல்:

"அம்மா, நீ எப்பவும் இங்க வெச்சுத்தான் பாப்பியா?"

ஒரு முழு வாக்கியம்! கை அப்படியே நின்றுவிட்டது.

"இங்கதான். இடம் மாறவே கூடாது. அதுதான் முறை."

"இந்தத் தரை ஒரு மீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர் ஏறுது. கார் மூக்கைத் தூக்கிட்டு நிக்குது. ஆயில் பின்னாடி ஓடிடாதா?"

பாட்டிலைக் காட்டினாள். தண்ணீர் ஒரு பக்கமாகச் சரிந்து நின்றது. அதைப் பார்த்தேன், காரைப் பார்த்தேன், கேனைப் பார்த்தேன். வண்டியைத் தெருவுக்கு இறக்கினேன். சமமான இடம். ஆயில் கீழே இறங்கி அடங்கட்டும் என்று கால் மணி நேரம் இருவரும் நடைபாதை ஓரம் உட்கார்ந்திருந்தோம். பிறகு அவளே உருவினாள்.

மேல்கோட்டுக்கு மேலே இரண்டு விரற்கடை.

நாலு மாதமாக ஒரே நேரம், ஒரே இடம், ஒரே துணி. அவ்வளவு ஒழுங்காக, ஒரு தடவைகூடத் தவறாமல், தப்பாகப் பார்த்திருக்கிறேன்! அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் முதலில் சிரித்துவிட்டேன். அப்புறம் நடைபாதையே சிரித்தது. எதிர்வீட்டு ஜன்னல் திறந்து மூடியது.

ஜூன் 30, திங்கள்

மெக்கானிக் தலையில் கை வைத்துக்கொண்டார். "நீங்க லேப்காரங்க, நோட்டு வேற காட்டினீங்க, நம்பிட்டேன்கா."

அளவுக்கு மேல் ஊற்றிய ஆயிலை இன்ஜின் உள்ளே கலக்கி, மூச்சுக் குழாய் வழியாகத் துப்பி, எரித்துத் தள்ளியிருக்கிறது. அது எரித்ததை, கார் குடித்ததாக நான் நோட்டில் எழுதி, மறுபடி ஊற்றியிருக்கிறேன். வடித்தார், ஒரு லிட்டருக்கு மேல் வந்தது. ஆயிலில் ஊறிய ஏர் ஃபில்டரை மாற்றி, குழாயைக் கழுவினார்.

"ரிங்?"

"பத்து நாள் ஓட்டிட்டு வாங்க. அப்புறம்தான் வாய் திறப்பேன்."

ஜூலை 10, வியாழன்

பத்து நாளில் ஆயில் ஒரு மயிரிழைதான் குறைந்திருக்கிறது. புகை இல்லை. "ரிங் நல்லா இருக்கு, தாராளமா போங்க" என்றார். தம்பிக்குப் போன் செய்தேன். "அப்ப என் வண்டி?" என்றான். அவனுக்கு வருத்தம். தீபம் மாதிரி மின்னும் அந்த வண்டியில் ஒருநாள் எங்களை எங்காவது கூட்டிப்போகச் சொன்னேன், சமாதானம் ஆனான்.

ஜூலை 12, சனி

விட்டுவிட்டுத் திரும்பி வந்தாயிற்று. கை வலிக்கிறது. விவரம் நாளைக்கு.

ஜூலை 13, ஞாயிறு

முதல் நாற்பது கிலோமீட்டர் பேச்சு ஒன்றுமே இல்லை. பெட்ரோல் போட நிறுத்தினோம். "நான் ஆயில் பாக்கறேன்" என்று இறங்கினாள். பாட்டிலைத் தரையில் படுக்கவைத்துப் பார்த்து, "இங்க சாயுது, முன்னாடி எடு" என்றாள். எடுத்தேன். "இன்னும் கொஞ்சம்." எடுத்தேன். பங்க்காரர் எங்களை ஒரு மாதிரி பார்த்தார்.

ஆயில் சரியாக இருந்தது. பானெட்டை மூடும்போது சொல்லிவிட்டேன்: "அன்னிக்கு உன் படிப்பைப் பத்திச் சொன்னது தப்புடா."

துணியை மடித்துக்கொண்டே சொன்னாள்: "முதல்ல கோவம்தான் இருந்துச்சு. அப்புறம் கோவம் போயிடுச்சு. எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியலம்மா."

"அப்ப ஏன் சரி மாமான்னே?"

"திரும்பி வரும்போது நீ தனியா அழுதுட்டே ஓட்டுவ. அதான்."

நான் எதுக்கு அழறேன் என்று பந்தாவாகக் கேட்டேன். மீதி வழியெல்லாம் அவள்தான் பேசினாள். தம்பி தோற்றான்.

வரும்போது அழுதேன். ஆனால் ஓட்டிக்கொண்டே இல்லை. சமமான இடமாகப் பார்த்து நிறுத்திவிட்டு.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆறு பத்து. தெருவில், எதிர்வீட்டுச் சுவரோரம். மேல்கோட்டுக்குக் கொஞ்சம் கீழே. போன வாரமும் அங்கேயேதான் நின்றது.

குச்சியைச் செருகுவதற்குள், வாராவாரம் போலவே, போன். தூக்கம் கலையாத குரல்.

"பாத்தியா?"

"பாத்தேன்."

"எங்க வெச்சு?"

"தெருவுலதான், தாயே."

அப்புறம் ஜன்னலோரக் கட்டில் கிடைத்தது, வரைந்த வீட்டுக்கு ஆசிரியர் என்ன சொன்னார், யார் குறட்டை விடுகிறாள் என்று நாற்பது நிமிடம். பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றபடியே கேட்டேன்.

மாதம் ஒரு தடவை பார்த்தால் போதும் என்கிறார் மெக்கானிக். காருக்குப் போதும்தான். அவளிடம் அதைச் சொல்லவில்லை.