தர்சினியின் காதில் ஓடும் எறும்பு

ஆடி 18, திங்கள்

விடியலிலிருந்து மழை. பேத்தி தர்சினி, மருமகள் சாந்தி, நான். கண்டிக்கு ரயில். வட்டகொடை ஸ்டேஷன் பெயர்ப்பலகையை நானே வாசித்தேன். எழுபது வயதுவரை எனக்கு அது வெறும் பலகை. போன வருடம் தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் மாலை வகுப்பு வைத்தார்கள், எழுத்துப் படித்தேன். இப்போது வழியெல்லாம் பலகைகள் பேசுகின்றன.

ஆஸ்பத்திரியில் தர்சினியின் காதில் பொடி ஊசிகள் ஒட்டினார்கள். காதுக்குப் பின்னால் புளியங்கொட்டை போல ஒரு பெட்டி. அதிலிருந்து மெல்லிய மின்சாரம். மருந்தே கிடையாது. காது நரம்பு வழியாகப் போய் வாந்தியை அடக்குமாம். வெள்ளி வரை இருக்க வேண்டும். நனையக் கூடாது. இப்படி நாலு வாரம்.

டாக்டரம்மா: "எல்லாப் பிள்ளைக்கும் கேக்கும்னு சொல்ல முடியாது. பார்ப்போம்."

நேர்மையான பெண்.

"வலிக்குதா பாப்பா?"

"இல்ல தாத்தா. எறும்பு ஓடுது."

ஆடி 20, புதன்

மழை. குடை போதவில்லை. தர்சினி தலைக்கு சொப்பிங் பேக். ராணி மாதிரி நடக்கிறாள்.

அடுத்த புதன் அமாவாசை. மாதாமாதம் அமாவாசையை ஒட்டித்தான் அவளுக்கு வாந்தி வரும். இரவு பகலாக, பித்தம் வரும்வரை. பிறகு சேலைன். நிலாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இந்த நோய் முறை வைத்து வரும் என்கிறார் டாக்டரம்மா. இருக்கட்டும். வராவிட்டால் போதும்.

பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது மூலை வீட்டு பாக்கியம் மடக்கினாள்.

"என்னாண்ணே, ஆடி மாசத்துல யாராச்சும் காது குத்துவாங்களா? காப்பரிசி கூட கண்ணுல காட்டல!"

சொல்லிப் பார்த்தேன். நம்பவில்லை.

ஆடி 24, ஞாயிறு

வெயில்! லயத்து வரிசை வீடுகள் முழுக்கத் துணி காய்கிறது. பெட்டியை வெள்ளிக்கிழமை கழற்றியாயிற்று.

கந்தப்பளையிலிருந்து சாந்தியின் அண்ணன் முருகேசு. கையில் லீக்ஸ் கட்டு, முகம் நிறையக் கோபம்.

"மாமா, நான் உசுரோடதானே இருக்கேன்? தாய்மாமன் மடி இல்லாம புள்ளைக்கு காது குத்திட்டீங்களாமே! அதுவும் ஆடியில!"

பாக்கியத்தின் தந்தி அவ்வளவு தூரம் போயிருக்கிறது.

தர்சினியின் காதைத் திருப்பிப் பார்த்தான். சிவப்புப் புள்ளிகள்.

"ஒரு ஓட்டையா போட்டிருக்கீங்க? சல்லடையாட்டம்ல இருக்கு!"

சாந்தி சிரித்துவிட்டாள். அவள் சிரித்து எவ்வளவு காலம்!

"கம்மலுக்கு இல்லண்ணே. வாந்திக்கு. கரண்டு வைக்கிறாங்க."

"கரண்டா?" அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

கோபப்பட அவனுக்கு உரிமை உண்டு. கம்மல் வாங்கி வைத்திருக்கிறான். இரண்டு தடவை நாள் குறித்தோம். இரண்டு தடவையும் பிள்ளை ஆஸ்பத்திரியில். எட்டு வயதில் இன்னும் வெறும் காது.

"நாளைக்கு நானும் வர்றேன். எதுக்குக் குத்துனாலும் என் மடியில வச்சுத்தான் குத்தணும்."

ஆடி 25, திங்கள்

தூறல். முருகேசு டாக்டரம்மாவிடம் விஷயத்தைச் சொன்னான். அவர் சிரித்துக்கொண்டே கதிரையைக் காட்டினார். மடியில் தர்சினி. ஊசி வைக்கையில் கண்ணை மூடியது அவன்தான்.

"முடிஞ்சிருச்சு மாமா. கண்ணத் தொறங்க."

ஆடி 27, புதன். அமாவாசை

மழை, பனிமூட்டம். சாந்தி தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகவில்லை. கட்டிலுக்குக் கீழே வாளி. காலையிலேயே தர்சினி முகம் வெளுத்துவிட்டது. எப்போதும் இப்படித்தான் தொடங்கும்.

மாலை. ஒரு தடவை குமட்டினாள். ஒன்றும் வரவில்லை. தூங்குகிறாள். வாளி காய்ந்தபடி.

ஆடி 28, வியாழன்

மழை விட்டது. எழுந்ததும் தர்சினி கேட்டாள், "ரொட்டி சுடுறீங்களாம்மா? சம்பலோட."

சாந்தி என்னைப் பார்த்தாள். நான் அடுப்பைப் பார்த்தேன். சம்பலில் மிளகாய் போடவில்லை. முழு ரொட்டியும் தின்றாள். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தோம். வெளியே போய்ப் பாக்கியத்தின் கோழியைத் துரத்த ஆரம்பித்துவிட்டாள்.

இன்னும் இரண்டு வாரம் ஊசி. அடுத்த அமாவாசையும் பார்க்க வேண்டும். தெரியும்.

முருகேசு போனில்: "ஆவணியில நாள் பாக்கவா மாமா?"

"பாரு" என்றேன்.

இன்னொரு ரொட்டி வேண்டுமாம். மாவு பிசையத் தண்ணீர் இல்லை. கட்டிலுக்குக் கீழேயிருந்த வாளியை எடுத்துக்கொண்டு பீலிக்குப் போகிறேன்.