கடைசியில் வந்த வினைச்சொல்

அன்புள்ள மகனுக்கு,

நேற்று நீ வீடியோவில் பேசியபோது, "சரிப்பா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன்.

அப்பா இறந்த அன்று, "எங்ககூட வந்து இரும்மா" என்றாய். அதை நம்பி, உனக்குச் சொல்லாமல் டச்சு படித்து வந்தேன். உன் மனைவியிடம் அவள் மொழியில் பேச ஆசை. உழவர்கரையில், நெதர்லாந்துக்கு வேலைக்குப் போகும் நர்ஸ் பெண்களோடு வகுப்பு. டச்சில் "ஏனென்றால்" என்று தொடங்கினால் வினைச்சொல் கடைசிக்குப் போய்விடும். ஆங்கிலத்தில் யோசிக்கும் பெண்கள் அதை நடுவிலேயே வைத்துத் திட்டு வாங்குவார்கள். எனக்கு அது தமிழ் போலத்தான் இருந்தது. "ஆயா, எங்களுக்கு முன்ன நீங்க ப்ளேன் ஏறிடுவீங்க போல" என்று கலையரசி கிண்டல் செய்வாள்.

நேற்று உன் மனைவி, உன் அம்மா ஏன் வரக்கூடாது என்று உன்னிடம் டச்சில் கேட்டாள். நீ என்னைப் பார்த்துச் சிரித்தபடியே அவளுக்கு, "ஏனென்றால்" என்று ஆரம்பித்தாய். நான் வினைச்சொல்லுக்குக் காத்திருந்தேன்.

ஏனென்றால் அம்மா எல்லாவற்றிலும் குற்றம் கண்டுபிடிப்பாள்.

பிறகு என் பக்கம் திரும்பி, "விசா கெடைக்கலம்மா, அடுத்த வருஷம் பாக்கலாம்" என்றாய்.

உன் மனைவிக்காக நான் பூப்போட்டுத் தைத்த மேசைவிரிப்பைத் தபாலில் அனுப்புகிறேன். கேட்டதற்கு நன்றி என்று அவளிடம் சொல்.

உன் வாக்கியத்தை இரவெல்லாம் சொல்லிப் பார்த்தேன். வினைச்சொல் சரியான இடத்தில்தான் இருந்தது. நான் அதில் குற்றம் எதுவும் கண்டுபிடிக்கவில்லை.

அம்மா