ஆடுகளுக்கு வாய்த்த கூடம்

புதன், மே 14

இன்றைக்கு மானம் போனது. செம்பட்டியில் வீடு கட்டப்போகும் செல்வராஜை அய்யலூருக்குக் கூட்டிப் போனேன். அங்கே ஓர் ஆட்டு வியாபாரிக்கு நான் வரைந்து கொடுத்த வீட்டைக் காட்டத்தான். மேற்கு வெயில் படாத கூடம், காற்று நுழைய இடைவெளி விட்டு அடுக்கிய செங்கல் சுவர். மே மாதத்திலும் ஏசி வேண்டாம் என்று வழியெல்லாம் பெருமையடித்தேன்.

கூடத்துக் கதவைத் திறந்தால் பதினெட்டு ஆடுகள் சுகமாகப் படுத்து அசைபோடுகின்றன. குடும்பம் முழுக்க, சாமான் போட நான் ஒதுக்கிய அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"என்னண்ணே இது?" என்றேன்.

"நாளைக்குச் சந்தைம்மா. தகரக் கொட்டகைல கட்டுனா வெக்கையில தீனி எடுக்காது. இங்கன அம்புட்டும் தெம்பா நிக்குது" என்றார் வியாபாரி.

"அப்ப நீங்க?"

"எங்களுக்கென்ன, ஏசி மாட்டிட்டோம்ல."

செல்வராஜ் சுவர் இடைவெளியில் கையை வைத்துக் காற்றைப் பார்த்தார். ஓர் ஆட்டின் முதுகைத் தடவினார். இந்த வேலை போச்சு என்று நினைத்தேன். திரும்பும் வழியில், வடமதுரை தாண்டியதும் சொன்னார்.

"இதே மாதிரி ஒன்னு எனக்கும் வரஞ்சு குடுங்கம்மா. மாட்டுக்கு."

"வீடு?"

"அதுக்கு என் மச்சான் இருக்காப்ல, கொத்தனாரு. மனுசங்கதான, எப்படியும் இருந்துக்கிருவோம்."

சரி என்று சொல்லிவிட்டேன்.

இந்த வாடகை வீட்டின் மொட்டைமாடி இன்னும் கொதிக்கிறது. மின்விசிறி அனலைத்தான் இறக்குகிறது. தலையணை நனைந்துவிட்டது. அய்யலூரில் பதினெட்டுப் பேரும் இந்நேரம் நன்றாகத் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.