நாம் குடிக்காமல் விட்ட தண்ணீர்

நானா,

நம் தண்ணீர்ப் பைகள் இரண்டும் இன்று வந்து சேர்ந்தன. தபால் கந்தோரில் கையெழுத்துப் போட்டு வாங்கி, மருந்துக் கடைக்குக் கொண்டுவந்து பிரித்தேன். புது ரப்பர் வாடை குப்பென்று அடித்தது. முதுகில் மாட்டிக்கொண்டு குழாயால் உறிஞ்சிக் குடிக்கிற பை, ஆளுக்கு ஒன்று. நீங்கள் மையவாடியில் அடக்கமாகி ஐந்து மாதமாகிறது. உங்களுடையதை நான் எங்கே கொண்டுபோய்த் தருவேன்?

ஓமானில் பதினொரு வருடம் லொறி ஓட்டிவிட்டுக் கண்டிக்குத் திரும்பியவர் நீங்கள். எங்கள் கடைக்கு இரண்டு கடை தள்ளிப் பயணப்பை விற்றீர்கள். மாதம் ஒரு முறை சீனி வருத்தத்துக்கு மருந்து வாங்க வருவீர்கள், மாத்திரைகளை எண்ணித் தருபவன் நான். உங்கள் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல நானும் உங்களை நானா என்றே கூப்பிட்டேன். அப்படி வந்த ஒரு நாள்தான் சொன்னீர்கள்: "அந்தப் பாலைவனத்த பூரா லொறிக் கண்ணாடியாலதான் பாத்தீக்கிறன் தம்பி. ஒருக்கா எறங்கி நடக்கணும்." புசல்லாவைத் தோட்டத்தில் பிறந்த எனக்கு மணல் என்றால் வீடு கட்டக் கொட்டிவைக்கும் குவியல்தான். இருந்தும், "நானும் வர்றேன் நானா" என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு வருடம் திட்டம் போட்டோம். உங்கள் கடை மேசையில் வரைபடத்தை விரித்து, ஐந்து நாள் நடையை வகுத்தோம். எந்த மணல்மேட்டுக்குப் பின்னால் படுப்பது, எங்கே கிணறு இருக்கிறது என்று பென்சிலால் வட்டம் போட்டோம். கொண்டுபோகும் சாமான்களை நான் எழுதிக் காட்டியபோது விழுந்து விழுந்து சிரித்தீர்கள். "அட்ட கடிக்காமப் பூசச் சவர்க்காரமா? அங்க அட்ட வந்தா அதுவே காஞ்சி செத்துப்போகும் தம்பி!"

தண்ணீர் விஷயத்தில்தான் என் புத்தி கெட்டுப்போனது. எங்கள் பக்கம் எந்த வளைவில் திரும்பினாலும் ஒரு பீலியில் ஊற்றுத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கும். நினைத்த இடத்தில் கையேந்திக் குடித்து வளர்ந்தவனுக்குத் தாகமும் வெற்றிலை மாதிரி ஒரு பழக்கமாகத் தெரிந்தது. விட்டால் விட்டுப்போகும் என்று நினைத்தேன். "கொஞ்சங் கொஞ்சமா கொறச்சா ஒடம்பு பழகிரும் நானா, முதுகுல சுமையும் கொறையும்" என்றேன். "முப்பது நோன்பும் புடிக்கிற எனக்கு இதெல்லாம் ஒரு வேலையா?" என்று ஒத்துக்கொண்டீர்கள். சீனி வருத்தக்காரருக்கு மருந்து எடுத்துக் கொடுக்கிற கையை வைத்துக்கொண்டு, தண்ணீரைக் குறைக்கச் சொன்னவன் நான். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பழகப் போனோம். கடுகண்ணாவையில் இறங்கிப் பழைய பாதையில் நடப்போம், இல்லாவிட்டால் புசல்லாவைத் தேயிலை மலைகளில் ஏறுவோம். மத்தியானம் வரைக்கும் ஆளுக்கு அரைப் போத்தல்தான். ஒரு நாள் நல்ல வெயிலில் ஒரு பீலியடியில் நின்று, லுஹர் தொழுகைக்கு ஒழு எடுத்தீர்கள். கையைக் கழுவி, வாயில் தண்ணீர் எடுத்துக் கொப்பளித்தீர்கள். நான் உங்கள் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றேன், நானா. போலீஸ்காரன் மாதிரி. "முழுங்கிட்டீங்களா?" என்று கேட்டேன். "அல்லாஹ்வுக்காகக் கொப்பளிச்சன், ஒங்களுக்காகத் துப்பினன்" என்றீர்கள். இருவரும் சிரித்தோம். உங்கள் உதடு வெடித்திருந்தது. பார்த்தேன், பார்த்தும் முன்னால் நடந்தேன்.

அடுத்த மூன்று மாதத்தில் உங்கள் கால் வீங்கியது, பிறகு முகம். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்றார்கள். சீனியால் பல வருடமாகப் பழுதாகி வந்தது, நேற்று இன்று வந்ததல்ல என்று டொக்டர் உங்கள் மகனிடம் சொன்னாராம். நீங்கள் வார்டில் கிடந்த கிழமைதான், நம் நடைக்கு நாம் பேசிவைத்திருந்த ஓமான் வழிகாட்டியின் செய்தி வந்தது. தாகம் எடுக்கும் முன்பே குடிக்க வேண்டும், குறைவாகக் குடித்துப் பழகலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம் என்று எழுதியிருந்தார். அதை உங்களுக்கு வாசித்துக் காட்ட எனக்குத் தைரியம் வரவில்லை.

உங்களை அடக்கம் செய்த அன்றே உங்கள் வீட்டு ராத்தாவிடம் கேட்டிருப்பேன். வீட்டிலாவது நீங்கள் தண்ணீர் குடித்தீர்களா என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். ஆனால் ராத்தா இத்தாவில் இருந்தார். புருஷனை இழந்தவர் நான்கு மாதமும் பத்து நாளும் வெளி ஆண்களைப் பார்க்காமல் இருக்கும் காலம் அது. உங்கள் வீட்டு வாசலுக்குப் பலமுறை வந்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். கடையில் மருந்து மாற்றிக் கொடுத்து முதலாளியிடம் ஏச்சு வாங்கினேன். தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் புரையேறியது.

இத்தா முடிந்த மூன்றாம் நாள் போனேன். உங்கள் மகன் என்னைக் கதிரையில் உட்காரவைத்தான். ராத்தா உள்கதவின் திரைக்குப் பின்னால் நின்று பேசினார். நான், "ராத்தா, ஞாயித்துக்கெழம நடக்கப் போறப்ப நானா..." என்று தொடங்கியதுமே பதில் வந்துவிட்டது.

"அவர் எங்க தம்பி குடிக்காம ஈந்தார்? பெரிய ஜக் ஒண்ட முடிச்சிட்டுத்தான் வீட்டால எறங்குவார். திரும்பி வந்தும் குடிப்பார். ஒங்களுக்குச் சொல்ல வேணாமெண்டு சிரிப்பார்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் கொடுத்தனுப்பிய தேத்தண்ணீரையும் குடிக்காமல் எழுந்து வந்தேன். பஸ்ஸில் ஏறிய பிறகுதான் உறைத்தது. நான் கேள்வியையே முடிக்கவில்லை. நான் என்ன கேட்க வருவேன் என்று அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. என்ன சொல்ல வேண்டும் என்று அந்த நான்கு மாதமும் யோசித்து வைத்திருந்தாரோ? உண்மையைத்தான் சொன்னாரா, இல்லை, இவன் பாவம், பிழைத்துப் போகட்டும் என்று சொன்னாரா? திரை மறைத்ததில் அவர் முகமும் தெரியவில்லை. மறுபடி போய்க் கேட்டால் அந்த மனுஷியை இன்னொரு தடவை கொல்வதாகும்.

எத்தனை பேர் வருகிறீர்கள் என்று வழிகாட்டி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். நான் பதில் போடவில்லை. எனக்கு வேண்டிய பதில் உங்களிடம் இருக்கிறது, நீங்களோ பேசமாட்டீர்கள். என்னை ஏமாற்றிய யாரையும் நான் இதுவரை மன்னித்ததில்லை. உங்களிடம் மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன் நானா, அந்த ஞாயிற்றுக்கிழமைகளிலெல்லாம் என்னை ஏமாற்றியிருங்கள்.