டாக்டர் சொன்னதில் புரிந்த ஒரு சொல்

தெட்ஃபோர்ட், இங்கிலாந்து,
அக்டோபர் 14

அன்புள்ள பல்தசார் அண்ணனுக்கு,

உங்கள் தம்பி மனைவி இல்டா எழுதுகிறேன். ஆறு வருடம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். அங்கே பேஜாவில் ஆலிவ் பறிப்பு தொடங்கியிருக்கும். அண்ணியின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

நானும் அடெலீனோவும் இங்கிலீஷ் படிக்கிறோம் என்றால் சிரிப்பீர்கள். கோழிக் கம்பெனி வேலை முடிந்து, செவ்வாய்க்கிழமைகளில் சர்ச் கூடத்தில் வகுப்பு. டீச்சர் மொரீன் புத்தகமே திறப்பதில்லை. சமைக்க வைத்துத்தான் பேச்சு. பிப்ரவரியில் இந்த ஊர்க்காரர்களின் கிட்னி பை செய்தோம். மாட்டிறைச்சியையும் சிறுநீரகத்தையும் வேகவைத்து, மேலே மாவால் மூடிச் சுடுவது. மொரீன் ஒரு துண்டைத் தூக்கிக் காட்டி, "கிட்னி!" என்பார், நாங்கள் பத்துப் பேரும் திருப்பிக் கத்துவோம். அடெலீனோ மூக்கைப் பொத்திக்கொண்டு, "இந்த நாத்தத்தைத் தின்னாத்தான் இங்கிலீஷ் வருமா?" என்று கேட்டார். ஆனால் இரண்டு தட்டு சாப்பிட்டார்.

பிறகு ஆளுக்கொரு சாப்பாட்டு நினைவைச் சொல்லவேண்டும். உங்கள் தம்பி எழுந்தார். அம்மா வைக்கும் பூண்டு ரொட்டிக் கஞ்சியில் ஒரே ஒரு முட்டைதான் இருக்கும், அண்ணன் அதை என் கிண்ணத்தில் தள்ளிவிட்டு, "எனக்கு முட்டைன்னாலே குமட்டுதுடா" என்பான் என்று, தெரிந்த நாற்பது சொல்லுக்குள் சொல்லி முடித்தார். "அது பொய்னு அவன் கல்யாணத்தன்னிக்குத்தான் தெரிஞ்சுது. நாலு முட்டை தின்னான்" என்றபோது வகுப்பே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

ஜூனில் கால்கள் வீங்கி, வேலை செய்யும் இடத்திலேயே விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் நம் போர்த்துகீசிய மொழியில் மொழிபெயர்க்க யாரும் இல்லை. டாக்டர் நிறையப் பேசினார்; கிட்னி என்ற ஒரு சொல்தான் எனக்குப் புரிந்தது. இரண்டு விரலைக் காட்டி, இல்லை என்பதுபோலத் தலையசைத்தார். அடெலீனோ என்னிடம், "என்ன சொல்றார்?" என்றார். "உப்பைக் குறைக்கச் சொல்றார்" என்றேன். அவருக்கும் அந்தச் சொல் தெரியும், அண்ணா. ஆனாலும் சரி என்று தலையாட்டினார்.

இப்போது வாரத்தில் மூன்று நாள் இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்கிறார்கள். என் கிட்னி ஒன்றைக் கொடுக்கிறேன் என்று சோதனை செய்துகொண்டேன், பொருந்தவில்லை. கூடப்பிறந்தவர்களுடையது பொருந்த அதிக வாய்ப்பு உண்டாம். இந்தத் தடவை மொழிபெயர்க்க ஒருவர் இருந்தார்; டாக்டர் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறேன். உங்களுக்கும் குடும்பம் இருக்கிறது, எனக்குத் தெரியும். "அவனுக்கு எழுதினே, உங்கிட்டப் பேசவே மாட்டேன்" என்று அடெலீனோ சொல்லியிருக்கிறார். நான் எழுதுவது அவருக்குத் தெரியாது.

அம்மாவின் வீட்டை விற்றபோது உங்கள் இருவருக்கும் வந்த சண்டையில் யார் சரி, யார் தப்பு என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கிறிஸ்துமஸுக்கு அண்ணியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். கதவைத் தட்டினால் அவரே திறக்க வருவார். இப்போது மெதுவாகத்தான் நடக்கிறார். கொஞ்சம் நில்லுங்கள், திரும்பிப் போய்விடாதீர்கள்.

உங்கள் இருவரையும் ஆண்டவர் நல்ல சுகத்தோடு வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
இல்டா